கண்டெடுத்த இடம்

புதையல் படிவத்தின் ஆறாவது கட்டத்தில் குமாரசாமியின் பேனா நின்றுவிட்டது. 'கண்டெடுத்த இடம்' என்று கேட்டிருந்தார்கள்.

கண்டெடுத்தது காட்டில். அவருடைய தென்னந்தோப்பின் மேற்கு வேலியைத் தாண்டி, வனத்துறையின் ஊஞ்சமரக் காட்டுக்குள் இருநூறு அடி தள்ளி. உலோகங்காட்டும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு எட்டு மாதம் அலைந்தவருக்கு அதுவரை மாட்டு லாடங்களும் சோடா மூடிகளுமே அகப்பட்டிருந்தன. நேற்றுக் காலை கருவி கீச்சிட்ட இடத்தைக் கொத்தியபோது, முழங்கை நீளத்தில் ஒரு கல் தட்டுப்பட்டது. அதனடியில் ஒரு கூடை கரி. கரிக்கு நடுவே களிம்பேறிய மூன்று செப்புக் காசுகள். கல்லின் தலையில் ஓர் அம்பு செதுக்கப்பட்டிருந்தது.

அம்பு! சேரரின் சின்னம் வில்லும் அம்பும் அல்லவா? வில் தேய்ந்துபோயிருக்க வேண்டும் என்று அக்கணமே தீர்மானித்தார். பம்புசெட் உதிரிபாகங்களோடு நாற்பது ஆண்டுகளைக் கழித்த அவர் மார்பு, அந்தக் கீறலைக் கண்டு இரண்டங்குலம் விரிந்தது. எல்லாவற்றையும் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"காட்டுலன்னு எழுதிப்போடுங்க. உள்ளதத்தானே எழுதோணும்?" என்றாள் மனைவி முத்தாத்தாள், முருங்கைக்கீரையை உருவியபடி.

"காட்டுக்குள்ள தோண்டுனேன்னு கேஸ் போடுவாங்க அம்மணி. அதாச்சும் போகுது. மியூசியத்துல 'வனத்துறை கண்டெடுத்தது'ன்னு சீட்டு வெச்சுப்போட்டா, எம்பேரு எங்க வரும்?"

"பேரு வரலீன்னா சோறு எறங்காதுங்களா?"

"எறங்காது."

கண்ணாடிப் பேழைக்குள் 'குமாரசாமி தோட்டத்துக் காசுகள்' என்று ஒரு சீட்டு. அதைப் பேரன் பேத்திகள் படிப்பதாகக் கற்பனை செய்துகொண்டே, 'என் தோப்பின் மேற்கு மூலை. எதையும் அசைக்காமல் வைத்துள்ளேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். படிவத்தைத் தாலுகா அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்து, கல், கரி, காசு மூன்றையும் மேற்கு மூலையில் பக்தியோடு புதைத்தார்.

மண்வெட்டியைக் கழுவி வைப்பதற்குள் வனக்காப்பாளர் கதிர் பைக்கில் வந்து நின்றார்.

"ஏனுங்க, மேக்கு மூலையில பொதையலாமா? அது எங்க எல்லைக்குப் பத்தடிதானுங்களே. அந்தப் பக்கத்து எல்லைக்கல்லு வேற காணாமப் போயிருச்சு. ரேஞ்சரு வந்து அளந்து பாக்கோணுங்கறாரு. எங்க பக்கம் வந்துச்சுன்னா எங்க பொருளுங்க."

குமாரசாமி மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "மூலைன்னா மூலையிலயே இல்லீங்க தம்பி. கொஞ்சம் ஊட்டுப் பக்கமா."

"ஊட்டுக்குப் பின்னாலயா?"

பின்னால் என்றால் இன்னமும் மேற்கு. வனத்துறையின் வாடையே படாத இடமாக வேண்டும். "முன்னாலீங்க. கெழக்கு வாசல்ல, கேட்டோரமா. அவசரத்துல தப்பா எழுதிப்போட்டேன்."

கதிர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எட்டு மாசமா காட்டோரமே திரிஞ்சீங்க. கடைசீல கேட்டுகிட்டயே கெடந்துருக்குது பாருங்க!"

அவர் போனதும், புதைத்ததெல்லாம் மறுபடி மேலே வந்தது. கரிக்கூடையைச் சுமந்த முத்தாத்தாள் கேட்டாள்: "இந்தக் கரியக்கூடவா தூக்கியாறோணும்?"

"சேர நாட்டு வணிகன் சமைச்ச அடுப்புக் கரி அது!"

"ரெண்டாயிரம் வருசத்துக் கரிக்கு நானு கூலியாளுங்களா? நல்லாருக்குதுங்க கத."

மறுநாள் காலை கேட்டின் மேல் பிளெக்ஸ் பலகை எழுந்தது. 'சேரர் காசு கண்ட செம்மல்' என்ற எழுத்துகளின் கீழ், கருவியைத் துப்பாக்கிபோல் ஏந்தியபடி குமாரசாமி. தாசில்தார் வந்தார், நிருபர் வந்தார், அளந்து குறிக்க நில அளவையர் லோகப்பிரியா வந்தார், கதிரும் வந்தார். ஊரில் பாதி ஏற்கனவே வந்திருந்தது.

குழி திறக்கப்பட்டது. தாசில்தார் மண்ணை விரலால் நிமிண்டினார். "பொலபொலன்னு இருக்குதுங்களே. வேறெங்கயோ இருந்து கொண்டாந்து வெச்சாப்பல தெரியுது."

கூட்டம் முழுவதும் குமாரசாமியைப் பார்த்தது. அவர் முகம் சிவந்தது.

"என்னையப் பாத்துங்களா இந்த வார்த்தை சொல்றீங்க? எழுதிக்கோங்க. இந்தக் கல்லு நட்ட நாள்லயிருந்து இந்த எடத்தை விட்டு ஒரு நூலு நகரலீங்க. குலதெய்வத்து மேல சத்தியம்!"

எழுதினார்கள். அவர் கையெழுத்திட்டார். சாட்சிகளாக ஐவர் ஒப்பமிட்டனர்; முதல் ஒப்பம் கதிருடையது. நிருபர் படம் பிடித்தார்.

குழிக்குள் மண்டியிட்டிருந்த லோகப்பிரியா அம்பைத் துடைத்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "ஐயா, இது சேரரு கல்லு இல்லீங்க. வெள்ளைக்காரன் காலத்து எல்லைக்கல்லு. பின்னால யாராச்சும் கல்லப் புடுங்கிட்டாலும் எடம் தெரியோணும்னு அடியில கரியும் காசும் போட்டு நடுவாங்க. காட்டு எல்லையில இந்த ஒரு கல்லு மட்டும் அறுவது வருசமாக் கெடைக்கலீங்க. எங்க ஆபீஸ்ல தேடாத நாளில்ல."

குமாரசாமியின் மார்பு ஓர் அங்குலம் தாழ்ந்தது. மறுகணமே மூன்று அங்குலம் உயர்ந்தது. சேரர் போனால் என்ன?

"அறுவது வருசமா கவர்மெண்டால ஆகாததுங்க!" என்று நிருபரிடம் திரும்பினார். "கண்டுபுடிச்சது குமாரசாமின்னு கொட்டை எழுத்துல போடுங்க. அம்மணி, அல்லாருக்கும் இன்னொருக்கா காப்பி கொண்டா!"

உள்ளே பால் பொங்கும் வாசனை வந்தது. தாசில்தார் கையெழுத்தான வாக்குமூலத்தை மடித்துப் பையில் வைத்தார். லோகப்பிரியா வரைபடத்தை விரித்து, கல்லின் மேல் கைவைத்து அறிவித்தார்:

"கல்லுக்குக் கெழக்க பட்டா நிலம். மேக்க பூராவும் ரிசர்வ் காடுங்க."

கதிர் மேற்கே திரும்பினார். வீட்டை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். தொப்பியை எடுத்துச் சரியாக வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, அம்மாவ மொதல்ல அடுப்ப அமத்தச் சொல்லுங்க. காட்டுக்குள்ள தீ மூட்டறது குத்தமுங்க."