தலையணைக்குக் கல்லீரல் கோளாறு

ஊரில் பாதி பழைய சினிமாக் கொட்டகைக்குள் இருந்தது. மீதிப் பாதி கதவிடுக்கில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. மேடையில் ‘வெண்ணீர்ச் செம்மல்’ என்ற சாமியார். நோயாளியின் தலையைத் தொடுவார். தம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு ‘அருள்துளி’ விடுவார். தண்ணீர் பாலாய் வெளுக்கும். டார்ச் அடித்தால் உள்ளே ஒளி கம்பிபோல் நிற்கும்.

“பாத்தியா, நோய் எறங்கிடுச்சு. மருந்தத் தூக்கிப் போடு.”

மருத்துவமே வெட்கப்பட்டு ஊரைவிட்டு ஓடியிருக்க வேண்டும்!

ஊர்த் தையல்காரர் மட்டும் கைதட்டவில்லை. அவர் மனைவி இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டாள். காலையில் அடுப்படியில் மயங்கியும் விழுந்தாள்.

“ஊசியப் போட்டுக்கடி.”

“எறங்கின நோய்க்கு எதுக்குங்க ஊசி?”

மச்சினியிடம் ஓடினார். அவள் வீட்டிலேயே முகக்கிரீம் செய்து விற்பவள். எண்ணெயையும் தண்ணீரையும் சண்டையில்லாமல் சேர்த்துவைப்பதே பிழைப்பு. அக்காள் பக்தியோடு வைத்திருந்து, அவர் கையோடு எடுத்துவந்த வெண்ணீரை மோந்து பார்த்தாள்.

“சோம்பு எண்ணெய், மாமா. ஸ்பிரிட்ல கரைச்சா தெளிவா இருக்கும். தண்ணில விட்டா பொடிப்பொடிச் சொட்டாப் பிரிஞ்சு மெதக்கும். அதான் வெள்ளை. டார்ச் வெளிச்சம் அதுங்க மேல பட்டுத்தான் தெரியுது.”

சொல்லிக்கொண்டே ஒரு தம்ளர் அருளைத் தானே தயாரித்தும் காட்டினாள்.

“உங்கக்கா நம்பணுமே.”

“கடைப் பொம்மையக் குடுங்க.”

சட்டை மாட்டிப் பார்க்கும் பஞ்சுப் பொம்மை அது, தலை கிடையாது. தலையணையை வைத்துக் கட்டி, குல்லா போட்டு, போர்வை போர்த்தி, சக்கர நாற்காலியில் கொட்டகைக்குத் தள்ளிப்போனார்கள். அந்தக் கூட்டத்தில் தலையில்லாத ஒருவர் கூடுதலாய் வந்தது யாருக்கும் உறுத்தவில்லை.

“எங்க பெரியப்பா. பேச மாட்டாருங்க” என்றாள் மச்சினி.

செம்மல் தலையணையைத் தொட்டுக் கண்ணை மூடினார். “கல்லீரல் போச்சு. ஆனா மனசு தங்கம்.” நாலு சொட்டு. வெளுத்தது. கொட்டகை இடிய கைதட்டல்.

“முழுசா எறங்கிடுச்சுங்களா?”

“முழுசா.”

மச்சினி போர்வையை உருவினாள். பஞ்சு. அதில் குத்தியிருந்த குண்டூசிகள்.

“பஞ்சுக்கும் உயிருண்டு” என்றபடியே செம்மல் பின்வாசல் பக்கம் நழுவினார்.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மெல்ல எழுந்து தையல்காரரிடம் வந்தாள். “ஏங்க, அந்த ஊசி வீட்லதான இருக்கு? வாங்க போலாம்.”

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மட்டும் விடவில்லை: “பொம்மைக்கு இப்ப தேவலையா?”

ஐயா, அதற்குள் இருப்பது பஞ்சு, யோசிக்காவிட்டால் குற்றமில்லை. உங்களுக்கு என்ன வந்தது?