சைவப் புலியும் கவசமூர்த்தி அண்ட் கோவும்

ஒரு காட்டில் ஒரு ஆடிட்டர் கம்பெனி இருந்தது. சிரிக்காதீர்கள். உங்கள் ஊரில் தெருவுக்கு ஒன்று இருக்கும்போது காட்டில் ஒன்று இருக்கக் கூடாதா? பெயர் 'கவசமூர்த்தி அண்ட் கோ'. தலைமை அலுவலகம் ஒரு புங்கமரத்துப் பொந்தில். கிளை அலுவலகங்கள் மூன்று மலைகளில். முதலாளி கவசமூர்த்தி ஒரு எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில். ஆபத்து என்றால் அப்படியே பந்தாகச் சுருண்டுகொள்வார். தொழிலுக்கு ஏற்ற உடம்பு.

கரடியிடம் எத்தனை தேன்கூடு, அணில் சங்கத்தில் எவ்வளவு கொட்டை, எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்துதான். கையெழுத்தின் கீழே நகத்தால் ஒரு முத்திரை குத்துவார். முத்திரை விழுந்தால் அது உண்மை. விழாவிட்டால், நீங்கள் உங்கள் கண்ணாலேயே பார்த்திருந்தாலும் வதந்தி. ஃபீஸ், கறையான் புற்றுகள்.

அந்த வருஷம் கோடை வாட்டி எடுத்தது. மான்களின் குட்டை வெடித்துப்போனது. மிச்சமிருந்தது ஒரே ஒரு சுனை. அது புலியின் குகை வாசலில். மான்கள் நாக்கு வறண்டு நின்றபோது புலி ஒரு அறிவிப்பு விட்டது: "நான் சைவத்துக்கு மாறிவிட்டேன். யார் வேண்டுமானாலும் வந்து தண்ணீர் குடிக்கலாம்."

"எவன் நம்புவான்?" என்றாள் மருதாயி. துடுக்கான பெண்மான். அவளுடைய அண்ணன் கொம்பையாதான் மந்தைத் தலைவன். எழுத்தில் இருந்தால் எதையும் நம்புகிற நல்ல மனசுக்காரன்.

"ஆடிட்டர் முத்திரை குத்திட்டா நான் நம்புவேன்" என்றான் கொம்பையா.

புலிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? உடனே கவசமூர்த்தியை அமர்த்தியது. ஆமாம், புலிதான் அமர்த்தியது, புலிதான் ஃபீஸ் கொடுத்தது. யாரைச் சோதிக்கிறோமோ அவரிடமே கூலி வாங்குவது அந்தத் தொழிலின் மரபு. என்னைக் கேட்காதீர்கள், நான் வகுக்கவில்லை.

பதினைந்து நாள் முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டு கவசமூர்த்தி சோதனைக்குப் போனார். மான்கள் சார்பில் மருதாயியும் கூடப் போனாள். குகை கழுவி விட்டாற்போல் இருந்தது. நடுவில் ஒரு குவியல் முருங்கைக்கீரை. புலி அதை மென்றுகொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர்.

மருதாயி பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "ஆடிட்டர் ஐயா! இங்க வந்து பாருங்க. இது எங்க சித்தப்பா கொம்பு!"

கவசமூர்த்தி எட்டிப் பார்க்கவில்லை. "எப்ப காணாமப் போனாரு?"

"போன தையில."

"அது போன வருஷக் கணக்கும்மா. நாங்க இந்த வருஷம் மட்டும்தான் பாக்கிறோம்."

பிறகு புலியிடம் ஒரு இலையை நீட்டினார். "நீங்க சைவம்னு நீங்களே ஒரு கடிதம் எழுதிக் குடுங்க. அதை வச்சுத்தான் நாங்க சான்றிதழ் எழுதணும்."

"அவனையே கேட்டு அவனுக்கே சான்றிதழா?" என்றாள் மருதாயி.

"வேற யாரைக் கேக்கிறது? அவரு வயித்தைப் பத்தி அவருக்குத்தானே தெரியும்" என்றார் கவசமூர்த்தி. நியாயம்தானே!

மூன்றாம் நாள் பதினெட்டுப் பக்கச் சான்றிதழ் வந்தது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: புலி சைவம். கீழே முத்திரை. புலி அதைக் குகை வாசலில் மாட்டியது. கொம்பையா முதல் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மந்தைக்கு முன்னால் நடந்தான். முதலில் தண்ணீரில் வாய் வைத்தவனும் அவன்தான். அதற்கப்புறம் அவன் கொம்பு மட்டும் பாறைக்குப் பின்னால் கிடந்தது.

மருதாயி அழுதுகொண்டே புங்கமரத்துக்கு ஓடினாள். "யோவ் ஆடிட்டரே, வெளிய வாய்யா! எங்கண்ணனைக் கொன்னுட்டீங்களேய்யா!"

கவசமூர்த்தி சுருண்டுகொண்டார். பந்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "பதினேழாம் பக்கம் படிச்சீங்களா?"

படித்தாள். பொடி எழுத்தில் இருந்தது: 'மேற்படி தகவல்கள் புலி சொன்னவை. தவறாக இருந்தால் பொறுப்பு புலியுடையது.'

ஒரு உதை விட்டாள். செதிலில் பட்டுக் குளம்புதான் வலித்தது. அண்ணன் போய்விட்டான். ஆனால் தாகம் போகவில்லையே. அங்கே நாற்பது மான்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக் காத்திருந்தன. இன்னும் இரண்டு நாள் தாங்காது. கண்ணீரை நக்கிக்கொண்டு மறுபடி பந்தின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, எங்களுக்கும் ஒரு சான்றிதழ் வேணும்."

பந்து லேசாக அவிழ்ந்தது. "என்னன்னு?"

"நாங்க முள்ளம்பன்றிங்கன்னு."

கவசமூர்த்தியின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "கடிதம் எழுதிக் குடுங்க. ஆறு புத்து ஆகும்."

மறுநாள் நாற்பது மான்களும் சுனைக்குப் போயின. புலி பாய்ந்து வந்தது. மருதாயி சான்றிதழை உயர்த்திப் பிடித்தாள். "நில்லு புலியண்ணே! நாங்க முள்ளம்பன்றி. தொட்டா முள்ளு குத்தும்."

"யாருகிட்ட காது குத்துற? நீ மானு!"

"முத்திரையைப் பாருங்க. உங்க வாசல்ல தொங்குதே, அதே முத்திரை, அதே கையெழுத்து. இது பொய்யின்னா அதுவும் பொய். காட்டைக் கூட்டிக் கேட்டுருவோமா?"

புலி வாசலைப் பார்த்தது. மானைப் பார்த்தது. இன்னும் முயல் கூட்டமும் காட்டெருமைக் கன்றுகளும் அந்தச் சான்றிதழை நம்பி வரவேண்டியிருந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு, "வாங்க முள்ளம்பன்றிகளா, குடிங்க" என்றது. மான்கள் வயிறு முட்டக் குடித்தன.

செய்தி பரவியது. முயல்கள் தங்களைப் பாறை என்று எழுதி வாங்கின. எருமைக் கன்றுகள் யானை ஆயின. கவசமூர்த்திக்கு வாசலில் வரிசை. புலிக்குப் பட்டினி. ஏழாம் நாள் கண் இருட்டிக்கொண்டு வந்தபோது, புதுப்பிக்கும் ஃபீஸ் கேட்டுக் கவசமூர்த்தியே குகைக்கு வந்தார்.

"ஆடிட்டரே, உங்களுக்கு என்ன சான்றிதழ் இருக்கு?" என்றது புலி.

"எனக்கா? ஆடிட்டர் தன்னைத்தானே ஆடிட் பண்ணக் கூடாதுங்க. அது விதி" என்றார் அவர் பெருமையாக.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. சுருண்டார். புலி பந்தைக் காலால் உருட்டிச் சுனையில் தள்ளியது. மூச்சுக்காகப் பந்து விரிந்தது. அவ்வளவுதான். மான்கள் அக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் யானை வந்து கேட்டது. அதன் கரும்புக் கணக்கு கவசமூர்த்தியிடம் இருந்தது. "ஆடிட்டர் எங்க?"

"தெரியாதே. நேத்து நான் ஒரு பலாப்பழம் தின்னேன். மேலெல்லாம் சொரசொரன்னு இருந்துச்சு. அவ்வளவுதான்" என்றது புலி, பல்லில் சிக்கிய செதிலைத் துழாவிக்கொண்டே.

யானை அக்கரைப் பக்கம் திரும்பியது. "நீங்க பாத்தீங்களா?"

மருதாயி கணக்குப் போட்டாள். உண்மையைச் சொன்னால் புலி சைவமில்லை என்று ஆகும். புலி சைவமில்லை என்றால் முத்திரை பொய். முத்திரை பொய் என்றால் அவள் மான். அவள் பின்னால் நாற்பது வாய் தண்ணீரில் இருந்தது. அண்ணனின் கொம்பு பாறைக்குப் பின்னால் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

"பாத்தோங்க. பலாப்பழந்தான்" என்றாள்.

"எழுதிக் குடுப்பியா?"

"குடுக்கிறேனுங்க. இப்படிக்கு, முள்ளம்பன்றின்னு."

யானை அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போனது. புலி மருதாயியைப் பார்த்துத் தலையசைத்தது. மருதாயியும் தலையசைத்தாள். புங்கமரத்துப் பொந்தில் இப்போது ஒரு கழுகு பலகை மாட்டியிருக்கிறதாம். முதல் வாடிக்கையாளர்கள் அவர்கள் இருவரும்தான்.

நீதி: ஒரு பொய்ச் சான்றிதழ் ஊரைக் கெடுக்கும், ஆளுக்கொரு பொய்ச் சான்றிதழ் ஊரை ஒற்றுமையாக வைத்திருக்கும்.