மூன்று மணிப் பிழை

திங்கட்கிழமையும் அதே மூன்று மணிக்கு மீட்டருக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் அந்த அறையின் டெக்னீஷியனுக்குத் 'தசமம்' என்று பட்டப்பெயர். எதையும் புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் வரை சொல்லாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றே வந்த மீட்டர் அது. பத்தொன்பது வருஷமாக, பத்து வோல்ட் கொடுத்தால் பத்து என்றே காட்டி வந்தது. போன வாரம் அலமாரிக்குப் பெயிண்ட் அடிக்க, அதை அவர் மேஜைக்கு மாற்றினார்கள். பிடித்தது சனியன்.

நிமிஷத்துக்கு ஒரு தரம் அதன் பிழையைக் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். பிழை வரும் நேரத்தைப் பார்த்தாலே நோய் பிடிபட்டுவிடும் என்பது தசமத்தின் கட்சி. நேரம் தெரிந்தது. நோய்தான் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லன்னா கழிச்சுக் கட்டிடுவேன்" என்றார் மேனேஜர்.

தசமம் உடனே வைத்தியத்தில் இறங்கினார்.

'அதிர்வுதான்' என்று மீட்டருக்கு அடியில் மெத்தென்று ஸ்பாஞ்ச் வைத்தார். கம்ப்யூட்டர் வரைந்த பிழைக் கோட்டில் பத்து நிமிஷ மேடு செவ்வாயன்று இருபது நிமிஷமானது. 'வெயில்தான்' என்று புதனன்று ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டார். அரை மணி. வியாழனன்று கதவைச் சாத்தி, யாரும் உள்ளே வரக் கூடாது என்று எழுதி ஒட்டினார். பெருக்குகிற அம்மா மட்டும் வந்து, சத்தமே இல்லாமல் பெருக்கிவிட்டுப் போவார். முக்கால் மணி!

இத்தனைக்கும் தசமம் மேஜையில் முழங்கையை ஊன்றி, மீட்டரை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. மூன்று மணி நெருங்கும்போது எண்கள் மெல்ல மிதக்கத் தொடங்கும். ஒன்பதுகள் மீன்களாகி வாலை ஆட்டிக்கொண்டு நீந்தும். ஒரு பூஜ்யம் மட்டும் வந்து அவர் மடியில் உட்கார்ந்துகொள்ளும். வேலையில் இப்படியொரு லயிப்பு யாருக்கு வரும் என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தவரை மனைவி உற்றுப் பார்த்தார்.

"என்னங்க, கன்னத்துல கோடு கோடா இருக்கு?"

"கவலைக் கோடு."

"ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்லாம புரளுறீங்க. என்னைப் பத்தி ஒரு நாளாவது இப்படிக் கவலைப்பட்டிருக்கீங்களா?"

"நீ எப்பவும் சரியா இருக்கே. உன் பிழை, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தசமத்துக்கு அழுகைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு மேனேஜர் சிவப்பு ஸ்டிக்கரோடு வந்தார். பெருக்குகிற அம்மா ஒரு மூலையில் வேலையாக இருந்தார்.

"இன்னைக்கு முழுசா ஒரு மணி நேரம் பிழை. மெல்ல ஏறி மெல்ல இறங்குது. உள்ளே சூடாகுதுன்னு உங்க பதிவே சொல்லுதே!"

"சூடாக வழியே இல்லை சார். மேல காத்து போக வரிவரியா ஓட்டை இருக்கு பாருங்க. நான் கண் கொட்டாம பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். பத்தொன்பது வருஷம் சார்..."

மேனேஜர் ஸ்டிக்கரின் முதுகுத்தாளை உரித்தார்.

மூலையில் துடைப்பம் நின்றது.

"தூக்கிப் போடுங்க ஐயா, வேணாங்கலை. ஆனா சார் தெனமும் மூணு மணிக்குத் தலை வெச்சுத் தூங்க வேற தலையணை ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க."