விலங்கியல் போதும் அக்கா, பின்னறையை ஒழித்து வை

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க நினைத்தேன். முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொள். அத்தானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, இல்லை வழக்கம்போல ஜன்னல் வழியாகச் செடிக்குப் போட்டுவிடுகிறாரா? செடி நலமா?

நிற்க. சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படிப்பை விடப்போகிறேன். நீ வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய் அல்லவா, உன் வீட்டுப் பின்னறையை ஒழித்து வை, ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வந்து இறங்குகிறேன். "உன் தம்பிக்கு மனுஷங்களோடவே பழகத் தெரியாது, இவன் மிருகங்களைப் பத்திப் படிக்கப் போறானாம்" என்று அத்தான் அன்றைக்குச் சொன்னார். அதை நான் ஒப்புக்கொண்டுவிட்டதாக அவரிடம் சொல். ஒருமுறை சொன்னால் போதும். அதற்கு மேல் சொன்னால் வீட்டில் அவரை யாரும் பிடிக்க முடியாது.

எதற்காகச் சேர்ந்தேன் என்று உன்னிடம்கூட நான் சரியாகச் சொல்லவில்லை. வேலையில் இருந்தவரை லிஃப்ட் பழுதுபார்த்தேன். மேலே போவதும் கீழே வருவதும் தவிர வேறு பயணம் தெரியாது. ஓய்வு பெற்றேன், கொஞ்ச நாளில் வீட்டுக்காரியும் போய்ச் சேர்ந்தாள், அப்புறம் வீட்டில் நானும் சமையலறைப் பல்லியும்தான். முதலில் அதை விரட்டினேன். பிறகு, "என்ன, இன்னைக்கு லேட்டா?" என்று கேட்க ஆரம்பித்தேன். அப்புறம் அதற்காகவே விளக்கைப் போட்டு வைத்தேன், பூச்சி வருமே என்று. இவ்வளவு பழகிய பிறகு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருப்பது மரியாதையாக இல்லை. எந்த வயதிலும் சேரலாம் என்று பல்கலைக்கழக வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள், போய்ச் சேர்ந்துவிட்டேன். பல்லி ஒரு சாக்குதான் அக்கா. காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போவதற்கு எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

முதல் நாளே மானம் போயிற்று. நான் வகுப்புக்குள் நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று குட் மார்னிங் சொன்னது. நான் கடைசி பெஞ்சை நோக்கி நடக்க, பிள்ளைகள் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் என்னோடு சேர்ந்து கழுத்தைத் திருப்பிக்கொண்டே நின்றார்கள். அந்த நேரம் பார்த்து உண்மையான பேராசிரியை உள்ளே வந்தார். எனக்கு ஒரு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். அவரும் என்னைப் பார்த்துவிட்டு, "சார், இன்ஸ்பெக்‌ஷனா? எங்களுக்குத் தகவலே வரலையே!" என்று கையைக் கட்டிக்கொண்டார். மாணவன் என்று நிரூபிக்க நான் பையைத் திறந்து டிபன் டப்பாவைக் காட்ட வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் நுண்ணோக்கி. ஒரு நுண்ணோக்கிக்கு இரண்டு பேர் என்று கணக்கு; வகுப்பில் ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படை. அந்த ஒற்றை யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளத்து நீரில் ஒரு சொட்டு எடுத்து வைத்து, தெரிகிற உயிரியை வரையச் சொன்னார்கள். எனக்கு ஓர் அற்புதமான உயிரி தெரிந்தது அக்கா, கறுப்பாக, வளைந்து வளைந்து, வரிசையாகக் கால்கள். கண்ணைச் சிமிட்டினால் அதுவும் துள்ளுகிறது. பென்சிலைச் சீவிச் சீவி, நிழலெல்லாம் கொடுத்து வரைந்து முடித்தேன். மேடம் வெகுநேரம் படத்தைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "சார், இது உங்க கண் இமை முடி" என்றார். பக்கத்தில் ஒருவன் இருந்திருந்தால் ஆரம்பத்திலேயே சொல்லியிருப்பான். பக்கத்தில் ஒருவன் இருந்தால் மனிதனுக்கு எத்தனையோ அசட்டுத்தனம் மிச்சமாகும்.

பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் கஷ்டம். எல்லோரும் என்னை சார் என்கிறார்கள். தங்களுக்குள் சுண்டெலி, ஒட்டடை, ஜெனரேட்டர் என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், எனக்கு ஒரு பட்டப்பெயர்கூட வைக்கவில்லை. ஒருநாள் கேன்டீனில் துணிந்து அவர்கள் மேஜைப் பக்கம் போனேன். "உக்காருங்க சார்" என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒருவனுக்குப் புத்தகம் எடுக்கணும், ஒருத்திக்கு போன் வந்தது, ஒருவன் கை கழுவப் போனவன் போனவன்தான். அத்தனை பெரிய மேஜையில் நானும் ஒரு தண்ணீர் ஜாடியும் இருந்தோம். இன்னொரு நாளும் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு ஜாடியும் இல்லை.

இனி இன்றைக்கு நடந்தது. ஏதாவது ஒரு விலங்கைத் தினமும் கவனித்து, அதன் நடத்தையை எழுதிவந்து வகுப்பில் படிக்க வேண்டும். விலங்கின் பெயரைச் சொல்லக்கூடாது, நடத்தையை மட்டும் கேட்டு மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும், இது மேடம் வைத்திருக்கும் வழக்கம். நான் என் பல்லியைப் படித்தேன். "இன்று அது மனவருத்தத்துடன் குழல்விளக்கின் பின்னால் இருந்தது" என்றதுமே மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். "அதோட மனசு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்? பார்த்ததை மட்டும் எழுதுங்க." சரிதானே. உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்தது சுண்டெலி என்கிற பெண். குரல் அவ்வளவு சின்னது, அதனால் அந்தப் பெயர். அவள் படித்தாள்: "வயது முதிர்ந்த ஆண். உணவிடத்துக்குத் தினமும் ஒரே நேரத்தில் வருகிறது. முதுகைச் சுவருக்குக் கொடுத்து அமர்கிறது. எடுத்ததும் உண்பதில்லை, சுற்றிலும் பார்க்கிறது. தொண்டையால் ஒலி எழுப்புகிறது, பதில் ஒலி இல்லை. இளையவை கூடியிருக்கும் இடத்தை இரண்டு தடவை நெருங்கியது, பிறகு பழைய இடத்துக்கே திரும்பியது." ஒருவன் நாய் என்றான், இன்னொருத்தி பூனை என்றாள். எனக்கோ ஒரே உற்சாகம். இத்தனை நாளில் முதல்முறையாக ஒரு விடை தெரிகிறது! எழுந்து நின்று, "கூட்டத்தை விட்டு விரட்டப்பட்ட கிழட்டு ஆண் குரங்கு! பல் போயிருக்கும், அதான் சாப்பிடத் தயங்குது. பாவம், ரொம்ப நாள் தாங்காது" என்று விளக்கமும் கொடுத்தேன். மேடம் மேலே படிக்கச் சொன்னார். சுண்டெலி குரல் இன்னும் சின்னதாகி, "அடிக்கடி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கிறது" என்றாள். அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைக்கிறாய்? துடைத்துக்கொண்டிருந்தேன்.

யாராவது சிரித்திருக்கலாம் அக்கா. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்திருப்பேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "மனுஷனும் விலங்குதானே மேடம், நீங்கதானே சொன்னீங்க" என்று அந்தப் பெண் அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது. தனியாக இருப்பதை ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அதனால்தான் இந்த முடிவு. நாளைக் காலையில் போய்ப் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டு, மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். உன் வீட்டில் சத்தம் இருக்கும், சண்டை இருக்கும், அத்தான் இருப்பார். போதும்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். வீட்டில் சின்னவர்கள் எல்லோருக்கும் என் ஆசிகள். யாரும் விலங்கியல் எடுக்க வேண்டாம் என்பதும் அந்த ஆசியில் அடக்கம். உன் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும், இப்போது கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
முன்னாள் மாணவன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. சுண்டெலி நிற்கிறாள். ஆபீஸில் விலாசம் வாங்கி வந்தாளாம். "சார், மேடம் என்னோடதைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. 'அது ரெண்டு தடவை கூட்டத்துக்கிட்ட வந்துச்சுன்னு எழுதியிருக்கியே, கூட்டம் என்ன பண்ணுச்சுன்னு ஏன் எழுதலை?'ன்னு கேட்டாங்க."

"நீ என்னம்மா சொன்னே?"

"எழுந்து போயிட்டோம்னு சொன்னேன் சார்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தாள். "முதல்ல இருந்து பார்த்து எழுதச் சொல்லிட்டாங்க. நீங்க வரலைன்னா எனக்கு விலங்கே இல்லை சார். அப்புறம்... எல்லாரும் கீழேதான் நிக்கிறாங்க. மேல வரலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

அக்கா, பின்னறையை ஒழிக்க வேண்டாம். அத்தானிடம் சொல்லச் சொன்னதையும் சொல்லாதே. ஜன்னல் கட்டையில் ஒட்டடை, சமையல் மேடையில் ஜெனரேட்டர், தரையில் மீதிப் பேர். பல்லி எங்கே என்று எல்லோரும் சேர்ந்து தேடுகிறார்கள், நான் ஓரமாக நின்றபடி இதை எழுதுகிறேன். "ஒத்தை ஆளுக்கு எதுக்குடா இத்தனை?" என்று போன தடவை நீ எடுத்துக்கொண்டு போனாயே என் மடக்கு நாற்காலிகள், அத்தனையையும் உடனே லாரியில் போட்டு அனுப்பு.