சக்கரத்துக்குக் காலுறை போட்டவர்

"சர்ர்ரக்… சர்ர்ரக்…"

அடுத்த அறையிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. ரிட்சுகோ அம்மாள் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். ஒசாகாவில் பல காலம் மீன் கடை நடத்தியவர் அவர். ஒட்டு நாடாவை இழுத்துக் கிழிக்கிற சத்தம் அவருக்குத் தெரியாதா?

"கினுயோ, அங்க என்ன நடக்குது?"

விடுதிக்கார அம்மா கினுயோ முகத்தைக் கிமோனோ அங்கியின் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர்தான். நீங்க போற வழியில இருக்கிற தூணுக்கெல்லாம் பஞ்சு வச்சு ஒட்டிக்கிட்டிருக்கார். நீங்க மோதிக்கிட்டா?"

"நான் ஏன் தூண்ல போய் மோதப்போறேன்? எனக்குக் கால்தானே வரல, கண்ணு நல்லாத்தானே இருக்கு!"

வாசகர்களே, இந்த இடத்தில் ஓர் உயிரினத்தை உங்களுக்கு அறிமுகம் செய்தே ஆக வேண்டும். 'ஏதாவது ஆயிட்டா?' ஆசாமி என்று பெயர். எல்லா ஊரிலும் விளைகிற ஜாதிதான் என்றாலும், ஜப்பானின் தஜிமா கடற்கரை வெந்நீர் ஊற்று விடுதிகளில் அது செழித்து வளர்கிறது. கெட்ட மனிதரா என்றால், ஐயோ, இல்லவே இல்லை! தங்கமான மனிதர். அடுத்தவருக்கு ஒரு முள் குத்துமே என்று மூன்று நாள் தூங்காமல் கிடப்பார், நான்காம் நாள் தோட்டத்து ரோஜாச் செடிகளையெல்லாம் வேரோடு பிடுங்கிவிட்டு வந்து, "இனி பயமில்லை, தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள்" என்று தலை வணங்குவார். அப்படிப்பட்ட தங்கம். விடுதி முதலாளி ஹோசோமி அந்த வகையில் இருபத்து நாலு காரட்.

ரிட்சுகோ அம்மாளின் சக்கர நாற்காலி வாசலில் வந்து நின்றதுமே ஹோசோமியின் அன்பு தொடங்கிவிட்டது. செருப்போடு யாரும் உள்ளே வரக்கூடாத வீடு, அதனால் சக்கரத்தைத் துடைப்பது நியாயம்தான். துடைத்தார். பிறகு இன்னொரு துணியால் துடைத்தார். பிறகு நான்கு சக்கரத்துக்கும் கம்பளித் துணியில் தைத்து வைத்திருந்த காலுறைகளை மாட்டினார். நீலப் பூப் போட்டவை. அம்மாளுக்கே கண் கலங்கியது, சிரிப்பில்தான்.

பேச்சு எப்படி என்கிறீர்களா? காது நன்றாகக் கேட்கிற அம்மாளிடம், மலைக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிடுவது போலப் பேசினார். அதைவிட விசேஷம், பெரும்பாலும் அம்மாளிடமே பேசவில்லை. "கினுயோ, அம்மாவுக்கு டீ சூடா இருக்கான்னு கேளு." "கினுயோ, அம்மாவுக்குக் குளிருதா பாரு." நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள், டென்னிஸ் பார்க்கிற கூட்டம் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

போகட்டும். அம்மாள் இத்தனை தூரம் ரயிலேறி வந்தது இரண்டே காரியத்துக்கு. ஒன்று, பனிக்கால நண்டு. இன்னொன்று, விடுதிக்குப் பின்னால் கடலைப் பார்த்தபடி திறந்த வெளியில் இருக்கிற வெந்நீர்த் தொட்டி. கால் செயலிழந்து ஆறு வருடம். பகல்நேரக் காப்பகத்தில் வாரம் இருமுறை நாற்காலியில் உட்கார வைத்துக் குழாயால் நனைத்து அனுப்புவார்கள், காரைக் கழுவுகிற மாதிரி. கழுத்து வரை வெந்நீரும் முகத்தில் கடல் காற்றுமாக ஒரே ஒரு தடவை உட்கார்ந்துவிட வேண்டும். அதுதான் ஆசை. ஆறு வருடத்து ஆசை! நாளைக் காலை ரயில். இன்று விட்டால் இல்லை.

தொலைபேசியிலேயே கினுயோவிடம் எல்லாம் விசாரித்து வைத்திருந்தார். தொட்டியின் கல் விளிம்பும் நாற்காலியின் இருக்கையும் ஒரே உயரம். நடுவில் ஒரு பலகை போட்டால் நகர்ந்துவிடலாம். பின்னால் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டால் போதும், கை பலம் தம்மிடம் இருக்கிறது.

"சரி, அந்த வெளித்தொட்டிக்குப் போலாமா?" என்றார் அம்மாள்.

ஹோசோமி பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்தார். "ஸ்ஸ்ஸ்… அது வந்து… கொஞ்சம்…"

அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை வராது. அந்த ஊரில் அந்தக் காற்று உள்ளே போய்விட்டதென்றால் உங்கள் காரியம் வெளியே போய்விட்டது என்று அர்த்தம். முடியாது என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். உங்கள் மனம் நோகுமே!

"கொஞ்சம் என்ன?"

"கல்லு வழுக்கும்… காத்து அடிக்கும்… ஏதாவது ஆயிட்டா?"

"என்ன ஆகும்? நனைஞ்சிடுவேன். அதுக்குத்தானே வந்திருக்கேன்!"

ஹோசோமி தரையில் நெற்றி பட வணங்கினார், மன்னிப்புக் கேட்டார், எழுந்து போனார். சற்று நேரத்தில் வெளித்தொட்டிக் கதவில் ஒரு பலகை தொங்கியது: 'பழுது பார்க்கும் வேலை. வருந்துகிறோம்.' அதோடு விட்டாரா? சாப்பாட்டுத் தட்டில் நண்டு இருக்க வேண்டிய இடத்தில் கஞ்சி வந்தது. நண்டு ஓடு கடினமாம். ஆயிரக்கணக்கான நண்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு உடைத்த கை, கஞ்சிக் கரண்டியைத் தட்டில் 'டங்' என்று போட்டது. ஆத்திரமா, அழுகையா? இரண்டும்தான். "ஆறு வருஷம்…" என்று அம்மாளின் உதடு முணுமுணுத்தது. ஜன்னலுக்கு வெளியே, ஐயோ, கடல் வேறு அத்தனை அழகாக இருந்து தொலைத்தது!

மனைவியின் முறைப்பைத் தாங்க முடியாமல் ஹோசோமிக்கு ஒரு யோசனை பிறந்தது. அம்மாள் தொட்டிக்குப் போனால்தானே ஆபத்து? தொட்டி அம்மாளிடம் வந்துவிட்டால்? பெரிய மரவாளி நிறைய ஊற்று நீரை மொண்டு, கடலின் புகைப்படம் ஒன்றையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க அறைக்குள் நுழைந்தார்.

"அம்மா, இதுல காலை வச்சுக்கிட்டு, இந்தப் படத்தைப் பாத்தீங்கன்னா…"

வாளியை இறக்கக் குனிந்தார்.

"மளுக்!"

விதி சிரித்த சத்தம் என்று நினைக்காதீர்கள். இடுப்பு பிடித்துக்கொண்ட சத்தம். வாளி கவிழ்ந்தது, கடல் படம் மிதந்தது, முதலாளி பாதி வளைந்த நிலையில் சிலையானார்.

விடுதியில் இருந்தது ஒரே ஒரு சக்கர நாற்காலி. யாருடையது என்று சொல்ல வேண்டுமா? ரிட்சுகோ அம்மாள் நொடியில் தரை மெத்தைக்கு நகர்ந்து, "தூக்கி உட்கார வைங்க அவரை" என்றார். நீலப் பூக் காலுறை போட்ட நாற்காலியில் ஹோசோமி அமர்ந்தார். சமையற்காரர் ஓடி வந்தார். வந்தவர் முதலாளியின் தலைக்கு மேலாகக் கினுயோவைப் பார்த்து, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்தினார்:

"அம்மா! முதலாளிக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க!"

"எனக்குக் காது கேக்குதுய்யா! வாயும் இருக்கு!"

"கோவப்படுறாரு பாருங்க, வலி போல" என்றார் சமையற்காரர் கினுயோவிடம், பரிதாபமாக.

ரிட்சுகோ அம்மாள் ஆறிப்போன கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து, ஒரு கரண்டியை ஊதி நீட்டினார்.

"ஆ காட்டுங்க."

"எனக்குக் கஞ்சி வேணாம்மா. நண்டு இருக்கே…"

அம்மாள் பல்லிடுக்கில் காற்றை இழுத்தார். "ஸ்ஸ்ஸ்… ஓடு கொஞ்சம்… ஏதாவது ஆயிட்டா?"

கினுயோவுக்கு அடக்க முடியவில்லை, திரும்பி நின்று குலுங்கினாள். ஹோசோமி கரண்டியைப் பார்த்தார், காலுறையைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, நடுவில் யாரையும் வைக்காமல், உரக்கக் கத்தாமல், அம்மாளின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"நீங்க… நிஜமாவே போகணுமாம்மா?"

"போகணும் ஐயா."

"எப்படி இறங்குவீங்க?"

இந்தக் கேள்வியை மத்தியானமே கேட்டிருந்தால் எத்தனை ஒட்டு நாடா மிச்சமாகியிருக்கும்! அம்மாள் சொன்னார். ஹோசோமி காது கொடுத்துக் கேட்டார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கினுயோ, அந்தப் போர்டைக் கழட்டு. நாற்காலியையும் அம்மாவுக்குக் குடு. நான் தரையில கிடக்கறேன்" என்றார். தியாகி!

பலகை, கல் விளிம்பு, இடுப்பில் கினுயோவின் கை. ஒரு தள்ளு, ஒரு சறுக்கல், அவ்வளவுதான். வெந்நீர் கழுத்துக்கு ஏறியது. கடல் காற்று முகத்தில் அறைந்தது. மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியவில்லைதான். ஆனால் தோளுக்குத் தெரிந்தது, கழுத்துக்குத் தெரிந்தது, நெஞ்சுக்குள் எங்கோ இறுகிக் கிடந்த ஒன்றுக்கும் தெரிந்தது. அம்மாள் வாய்விட்டுக் கேவினார்.

மரச்சுவருக்கு அந்தப் பக்கம் அறையில் குப்புறக் கிடந்த குரல் அலறியது: "ஏதாவது ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு ஐயா!" என்று கத்தினார் ரிட்சுகோ அம்மாள், அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே. "நல்லா ஆயிடுச்சு!"

அன்று இரவு நண்டும் வந்தது. சமையற்காரர் உடைத்துத் தர முன்வந்தபோது, "கையை வெட்டிடுவேன்" என்று அம்மாள் சொன்னதாகக் கேள்வி.

இத்தனைக்கும் பிறகு ஹோசோமி திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் காலை டாக்சி வந்தது. அம்மாள் தாமே நகர்ந்து இருக்கையில் உட்கார்ந்தார். இடுப்பில் பட்டை கட்டி, தடி ஊன்றி, நண்டைப் போலவே பக்கவாட்டில் நடந்து வந்த முதலாளி, சும்மா நிற்கத்தான் நினைத்தார். சத்தியமாக. ஆனால் கை கேட்கவில்லை. கதவைப் பிடித்துவிட்டது.

"முதலாளி, கையை எடுங்க!" என்று ஓட்டுநர் கத்தினார். "நம்ம ஊர் டாக்சிக் கதவு தானா மூடும்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்ப்பா. ஆனா ஏதாவது…"

"ஹோசோமி ஐயா," என்றார் உள்ளேயிருந்து அம்மாள், "அடுத்த வருஷமும் வருவேன். அந்தக் காலுறையைப் பத்திரமா வச்சிருங்க. அது மட்டும் ரொம்பப் பிடிச்சிருக்கு."

ஹோசோமி கையை எடுத்தார், வணங்கினார், வலியில் நிமிர முடியாமல் வணங்கியபடியே நின்றார்.

அன்பான வாசகரே, உங்களிடம் ஒரு கேள்வி. கதவு மூடப் போகிற இந்த நேரத்தில், 'அம்மாள் விரலை உள்ளே எடுத்துக்கொண்டாரா?' என்று உங்கள் மனசு லேசாகப் பதறியதா? பதறியிருந்தால், வீட்டில் ஒட்டு நாடாவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

அம்மாள் விரலை எடுத்துக்கொண்டார். கதவு தானாக மூடிக்கொண்டது.