பெறுநர் இல்லை

எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டு, அது ஒருவருக்கும் புரியாமல் போவதைப் படிக்கிறவர் குற்றமாகக் கருதும் ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. பார்த்திருப்பீர்கள். "அதான் அதுலயே போட்டிருக்கே" என்பார்கள்.

மைசூரில் ஒரு மின்னஞ்சல் நிறுவனத்தில், போய்ச் சேராத கடிதங்களுக்குத் தானாகத் திரும்பி வரும் தமிழ் அறிவிப்புகளை எழுதுகிற கணபதிராமன், இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. காய்கறிச் சீட்டில் 'கொத்தமல்லி, இலை வடிவில்' என்று எழுதுவார். குளியலறை வெந்நீர்க் கெய்சர் சுவிட்சின் மேல் 'பயன்பாட்டுக்குப் பிந்தைய நிலை: அணைவு' என்று ஒட்டுவார். அதற்குப் பிறகும் கெய்சர் எரிந்துகொண்டிருப்பதைக் கண்டு மனித குலத்துக்காக வருந்துவார். அவருடைய அறிவிப்பு இது:

'நிரந்தரப் பிழை 550. பெறுநர் இல்லை. மறுமுயற்சி பயனற்றது.'

இதில் எந்தச் சொல் தவறு? ஒன்றுமில்லை. அதுதான் அவர் பெருமை.

போன வியாழக்கிழமை மத்தியானம், மகள் ஷ்ரேயாவுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்த மைத்துனி லீலா நஞ்சன்கூட்டிலிருந்து கூப்பிட்டாள். மனைவி காமாக்ஷி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை ஷ்ரேயா நிச்சயதார்த்தம் நடக்காது. எங்காத்துக்காரரோட பெரியப்பா, பூனா விஸ்வநாதன், போயிட்டார். பத்து நாள் தீட்டு. தலைக்கு ஜலம் விட்டுண்டாச்சு. மாப்பிள்ளை திங்கட்கிழமை ஜெர்மனி கிளம்பறான். இனிமே அடுத்த வருஷம்தான். அவாத்துக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"யாருடி சொன்னா?"

"பெரியப்பாவுக்குப் பத்திரிகையை மெயில்ல அனுப்பிச்சேன். பெறுநர் இல்லைன்னு வந்தது. நிரந்தரம்னு வேற. மறுமுயற்சி பயனற்றதுன்னு போட்டிருக்கு, ஆஸ்பத்திரில கடைசி வரைக்கும் பார்த்திருக்கா போலிருக்கு. போன் பண்ணினேன், எடுக்கலை. எப்படி எடுப்பார்?"

கணபதிராமன் தொண்டையைச் செருமினார். "முகவரியில ஒரு எழுத்தைத் தப்பா அடிச்சிருப்பே, லீலா. அதான் ஐந்நூத்தைம்பதுன்னு போட்டிருக்கே."

"ஹௌதா, அப்படியா? அது பெட் நம்பர் இல்லையா, அத்திம்பேரே?"

காமாக்ஷி கணவரைப் பார்க்கவில்லை. தன் போனை வைத்துவிட்டு அவர் போனை எடுத்து, பூனாவுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மூன்றாவது தடவை, மத்தியானத் தூக்கம் கலைந்த குரல் ஒன்று வந்தது.

"மாமா, எப்படி இருக்கேள்?"

"இருக்கேன்" என்றார் விஸ்வநாதன்.

அந்த ஒரு சொல்லில் நிச்சயதார்த்தம் பிழைத்தது. கணபதிராமன் பிழைக்கவில்லை.

"அந்தப் பேர்ல மெயில் பெட்டி இல்லை. இல்லைங்கறது தப்பா?" என்று கேட்டார்.

"ஒருத்தி அழுதுண்டே குளிச்சிருக்கா. நான் சொல்றதை எழுதுங்கோ."

எழுதினார். 'நீங்கள் அனுப்பிய கடிதம் போகவில்லை. முகவரியில் எழுத்துப் பிழை இருக்கலாம். சரிபார்த்து மறுபடி அனுப்புங்கள்.' எட்டாவது படிக்கிற பிள்ளை எழுதியதுபோல் இருக்கிறதே என்று அவருக்கு வலித்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்து, இரண்டாம் தடவையும் பாயசம் வாங்கிச் சாப்பிட்ட விஸ்வநாதனைப் பார்த்தபோதும் அந்த வலி தீரவில்லை. திங்கட்கிழமை அலுவலகம் போனதும், துல்லியம் கருதி, அறிவிப்பின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்:

'இவ்வறிவிப்பு எவருடைய உடல்நிலையையும் குறிப்பதன்று.'

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் சுவிட்சின் மேல் நீங்கள் ஒட்டி வைத்திருக்கிறீர்களே ஒரு சீட்டு, அதைப் போய் ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்களுக்குப் புரியும். அதைக் கேட்கவில்லை. வீட்டில் மற்றவர்களுக்கு?