பதினோராம் அத்தியாயத்தில் நான் ஊற்றிய தேத்தண்ணீர்

அடுத்தவர் எழுதிய நாவலைத் திருத்தி எழுதும் தைரியம் பெரிய எழுத்தாளர்களுக்கே வராது. எனக்கு இருபத்தைந்து வயதில் வந்தது. திறமையால் அல்ல, சுத்தமான பயத்தால்.

பதுளைக் கடைவீதியில் எங்களுக்குப் புடவைக் கடை. புடவையை விரித்து மடிப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாமல் வளர்ந்த எனக்கு, மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் முதல் நியமனம் கிடைத்தது. உயர்தர வகுப்புக்குத் தமிழ். ஒன்பது பேர், எல்லாரும் பெண் பிள்ளைகள். அங்கே உயர்தரம் ஆரம்பித்ததே அந்த வருடம்தான்.

பாடத்தில் ஒரு பழைய நாவல் இருந்தது. தோட்டத்துக் கதை. கல்யாணமான ஒரு பெண், பதினோராம் அத்தியாயத்தில் கணக்குப்பிள்ளையோடு மழைக்கு ஒதுங்குகிறாள். வெளிவந்த காலத்திலேயே "எங்கள் பெண்களைக் கேவலப்படுத்திவிட்டான்" என்று ஒரு கூட்டமும், "உள்ளதைத்தானே எழுதினான்" என்று இன்னொரு கூட்டமும் அடித்துக்கொண்ட புத்தகம். அதிபர் முதல் நாளே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தக் கதையால ஒரு தாய் தகப்பன் முறைப்பாட்டோட இங்க வந்தா, நான் இந்த வகுப்பையே மூடிருவேன். புள்ளைங்க லுணுகலைக்குப் போய்ப் படிக்கட்டும்."

லுணுகலைக்கு பஸ் போகிற லட்சணம் எனக்குத் தெரியும். வகுப்பை மூடினால் பிள்ளைகள் கொழுந்துக் கூடையோடு நேரே மலைக்குத்தான் போவார்கள். ஒன்பது பேரின் படிப்பும் என் தலையில்.

புத்தகம் என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அதனால் சனி ஞாயிறுகளில் பதுளையில் உட்கார்ந்து ஓர் அத்தியாயத்தை டைப் செய்து, பிரதி எடுத்து, திங்கட்கிழமை பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். பதினோராம் அத்தியாயம் வந்தது. அதை மட்டும் நானே புதிதாக எழுதினேன். மழை கொட்டுகிறது, இருவரும் மலையில் ஒரு கொட்டிலுக்குள் ஒதுங்குகிறார்கள், அவன் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறான், அவள் குடிக்கிறாள், மழை விடுகிறது. படித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. (அவ்வளவு கண்ணியம்!)

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் விரசமாக ஒன்றுமில்லை. அந்தப் பெண் வாந்தி எடுக்கிறாள், புருஷன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான், அவ்வளவுதான். அப்படியே டைப் செய்தேன். (ஏன் வாந்தி எடுக்கிறாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். புத்திசாலிக்கு நேரம் எங்கே?)

டவுன்காரனான எனக்கு, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளைப் பற்றி ஒன்று தெரியாது. பல லயங்களில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரைவரை போவதில்லை. ஒரு வீட்டில் குழந்தை தும்மினால் நாலாவது வீட்டிலிருந்து "நூறு வயசு" என்பார்கள். அது வேறு தினமும் மின்வெட்டு இருந்த காலம். டிவி இல்லாத அந்தச் சாயங்காலங்களில் என் மாணவி செல்வராணி, எழுதப் படிக்கத் தெரியாத தன் அம்மா ராமாயிக்கு நாவலைச் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். மொத்த லயமும் கேட்டிருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்த கையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஆறு பெண்கள் அதிபர் அறைக்கு வந்து நின்றார்கள். ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். போச்சுடா, வகுப்பு மூடியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

ராமாயிதான் தொடங்கினார். "சார், ஒரு சந்தேகங்க. தேத்தண்ணி குடிச்சா புள்ள உண்டாகுமா?"

தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அதிபர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாங்க ஒரு நாளைக்கு நாலு தடவ குடிக்கிறோம் சார். இத்தன வருசமா யாரும் சொல்லலியே!"

பக்கத்து வீட்டுப் பார்வதி முன்னால் வந்தார். "மூணு நாளா இவளும் நானும் பேசிக்கிறதில்லங்க. கதையில வர்ற அந்தப் பொண்ணு தப்புப் பண்ணிருச்சுன்னு நான் சொன்னேன். 'தேத்தண்ணிதானடி குடிச்சா, வீணா பழி போடுறியே'ன்னு இவ வெளக்குமாத்தத் தூக்கிக்கிட்டு வர்றா. நான் கேக்குறேன், அந்த மழையில மலையில அடுப்பு ஏது? காஞ்ச வெறகு ஏது? சீனி யாரு கொண்டு போனது?"

இத்தனை ஓட்டையையும் நான் யோசிக்கவேயில்லை. "நான்தாங்க மாத்தி எழுதுனேன்" என்றேன்.

"புத்தகத்த எடுங்க தம்பி" என்றார் அதிபர். "வாசிங்க."

அசல் பதினோராம் அத்தியாயத்தை வாசித்தேன். அன்று காலையில் புருஷன் அடித்ததில் அவளுக்குத் தோளில் காயம். கணக்குப்பிள்ளை அதைப் பார்க்கிறான். தன் கம்பளியைப் போர்த்திவிட்டு, "வலிக்குதா?" என்று கேட்கிறான். அவளை அதுவரை யாருமே அப்படிக் கேட்டதில்லை. அதற்குமேல் ஆசிரியர் ஒரு பக்கம் முழுக்க மழையைத்தான் எழுதியிருந்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார் பார்வதி, பெருத்த ஏமாற்றத்தோடு.

மற்றவர்கள் சிரித்தார்கள், ராமாயி மட்டும் சிரிக்கவில்லை. "ஏன் சார், அந்தக் காயத்தயுமில்ல எடுத்துப்புட்டீங்க? அது தெரிஞ்சிருந்தா அவளுக்காக நான் இன்னும் நல்லாச் சண்ட போட்டிருப்பேனே!"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பெண் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்து, அந்தப் பெண்ணின் நியாயத்தையே துடைத்து எறிந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அதிபர் தொண்டையைச் செருமினார். "அப்ப முறைப்பாடு ஏதும் இருக்குதாம்மா?"

"இருக்குங்க" என்றார் ராமாயி. "இனிமே இந்த சார் கத எழுதக்கூடாது. இருக்கறதப் படிச்சுக் குடுத்தாப் போதும். வகுப்ப மட்டும் நிப்பாட்டிறாதீங்க, மிச்சத்த நாங்க கேக்கணும்."

வகுப்பு நின்றது, அதாவது நிலைத்தது. ஒன்பது பேரும் பரீட்சை எழுதினார்கள். செல்வராணி இப்போது பல்கலைக்கழகத்தில்.

பிறகு எனக்குக் கல்யாணம் நடந்தபோது அந்த ஆறு பேரும் செல்வராணியும் பதுளைக்கு வந்தார்கள். ராமாயி மேடையேறி, என் மனைவியின் கையில் ஒரு தேயிலைப் பொட்டலத்தைக் கொடுத்து, "சாருக்குப் பாத்துக் குடுங்கம்மா" என்றார். கீழே ஐந்து பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பந்தியில் பாயசம் வருவதற்குள் மனைவிக்கும் எங்கள் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் செல்வராணி முழுக் கதையையும் சொல்லி முடித்திருந்தாள்.

போன வருடம், மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்ற சந்தோஷச் செய்தியைச் சொல்லக் கடைக்குப் போன் எடுத்தேன். மறுமுனையில் அண்ணன் வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை.

"எத்தன கோப்பைடா குடிச்சீங்க?" என்றான்.